செவிலியர்களைப் பாராட்ட உண்மையில் என்ன செய்யலாம்? அனுபவமுள்ளவர்களின் கருத்து தேவை

தளமேலாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனையின் செவிலியர் நிர்வாகப் பொறுப்பை ஏற்றேன். என் பொறுப்பில் ஏறத்தாழ 140 செவிலியர்கள் பணியாற்றுகிறார்கள். மே 12, உலகச் செவிலியர் தினம், நெருங்குவதால், விழாக் குழுவினர் சென்ற ஆண்டின் நிகழ்ச்சி நிரலையே தேதியை மட்டும் மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். காலை 11 மணிக்கு அரங்கில் கூட்டம், இரண்டு உரைகள், ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு சாவிக்கொத்து, ‘ஆண்டின் சிறந்த செவிலியர்’ விருது, கடைசியில் குழுப் புகைப்படம்.

அதில் கையெழுத்திடக் கை வரவில்லை. பொறுப்பேற்ற முதல் வாரத்தில் செவிலியர்கள் உடை மாற்றும் அறையைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஜன்னல் ஓரத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மருத்துவமனையின் பெயர் பொறித்த சாவிக்கொத்துகள் உறைகூடப் பிரிக்கப்படாமல் நாற்பதுக்கு மேல் அதில் கிடந்தன. என்னவென்று கேட்டபோது, “செவிலியர் தினத்துக்குக் கொடுத்தது மேடம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறோம்” என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். அவர் குரலில் கோபமோ கிண்டலோ இருந்திருந்தால் நான் அதை மறந்திருப்பேன்.

என் கேள்வி இதுதான். ஒரு நிர்வாகி தன் அதிகாரத்துக்கு உட்பட்டு, பெரிய நிதி இல்லாமல், எல்லா ஷிஃப்டுகளிலும் இருப்பவர்களைச் சென்றடையும்படி என்ன செய்தால் அதைச் செவிலியர்கள் பாராட்டாக ஏற்றுக்கொள்வார்கள்? ஒருநாள் கூத்தாக முடிந்துவிடக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை.

இரவுப்பணி

பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி இரவில் கழிந்தது. நீங்கள் எழுதிய நிகழ்ச்சி நிரலில் என் கண்ணில் முதலில் பட்டது ‘காலை 11 மணி’ என்பதுதான். இரவு முழுவதும் நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்குப் பணியை ஒப்படைப்பவர் ஒன்று, மூன்று மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போய்ப் படுத்த தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், எங்களைப் பாராட்டுவதற்காக நடந்த விழாவுக்கு வராதவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். பாராட்டுக்கும் வருகைப் பதிவேடா என்று அன்று சிரித்தோம். வேறு என்ன செய்வது?

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, மணி இரண்டரை இருக்கும், எங்கள் வார்டுக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு பெண்மணி தனியாக வந்தார். புகைப்படக்காரர் இல்லை, பூ இல்லை. செவிலியர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, “இந்த வார்டில் உங்கள் நேரத்தை அதிகமாகத் தின்பது எது?” என்று கேட்டார். எனக்குச் சற்றுச் சந்தேகமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் பெரிய அளவுக் கைப்பட்டை எங்கள் தளத்துக்கு ஒன்றுகூட இல்லை. பருத்த கை உள்ள நோயாளிக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய் இரவல் வாங்கி வருகிறோம் என்றேன். அவர் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான்காம் நாள் இரவு பணிக்கு வந்தபோது மேசையில் இரண்டு பெரிய கைப்பட்டைகள் இருந்தன. மேலே ஒட்டியிருந்த தாளில், “நீங்கள் கேட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும்” என்று கையால் எழுதியிருந்தது.

தாமதம் பத்து ஆண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்கிய சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

இழையின் தலைப்பே தவறான இடத்தில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பாராட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார் என்பதைப் பேச வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் சோர்ந்து நொறுங்கும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடுவதோடு தொடர்புபட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். கலிபோர்னியா மாநிலம் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவருக்கு மேல் கூடாது என்பது அதில் ஒன்று. இதைவிடப் பெரிய பாராட்டுரையை எந்த மேடையிலும் யாரும் வாசித்ததில்லை.

பிரிட்டனில் நடந்ததும் நினைவிருக்கும். 2020 மார்ச் 26 முதல் பத்து வாரங்கள், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். மக்களின் நன்றியில் பொய் இல்லை. ஆனால் 2022 டிசம்பரில் அதே நாட்டின் செவிலியர் சங்கம் ஊதியத்துக்காகவும் நோயாளிகளின் பாதுகாப்புக்காகவும் தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியது. கைதட்டல் வீட்டு வாடகையைக் கட்டவில்லை. தளமேலாளர் அவர்கள் ரோஜாப்பூவுக்கு மாற்றாக வேறொரு பூவைத் தேடுகிறாரோ என்பதே என் ஐயம்.

தளமேலாளர்

எண்ணும் எழுத்தும் அவர்களுக்கு: நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரமும் ஊதியத்தை முடிவு செய்யும் அதிகாரமும் என்னிடம் இல்லை. இரண்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், தொடர்ந்து எழுதுவேன். அது கிடைக்கும்வரை மற்ற எதையும் செய்யாமல் இருப்பது சரியா என்பதுதான் என் கேள்வி. பணிப்பட்டியல் என் கையில் இருக்கிறது, விழாவுக்கான தொகை என் கையில் இருக்கிறது, படிவங்களை மாற்றலாம், கூட்டங்களின் நேரத்தை மாற்றலாம். இவற்றை வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

எண்ணும் எழுத்தும்

பணிப்பட்டியல் உங்கள் கையில் இருக்கிறதென்றால் பாதி அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்று பொருள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு செவிலியர்களுக்கென்றே 1977-இல் ஓர் உடன்படிக்கையையும் (எண் 149) அதனோடு ஒரு பரிந்துரையையும் (எண் 157) ஏற்றுக்கொண்டது. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் இடையே தொடர்ச்சியாக 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இரவு ஒன்பதுக்கு மாலை ஷிஃப்டை முடித்தவரை மறுநாள் காலை ஏழுக்கு வரச் சொல்லும் பட்டியல்கள் எத்தனை என்று உங்கள் மருத்துவமனையில் எண்ணிப் பாருங்கள். அதைச் சரிசெய்ய விழாத் தொகை தேவையில்லை.

படுக்கை 14

நான் செவிலியர் அல்ல, நோயாளியின் மகன். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

என் தந்தை சென்ற ஆண்டு ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார், சில நேரம் பதிலே சொல்லவில்லை. வயதானவர்களுக்கு மருத்துவமனையில் ஏற்படும் மனக்குழப்பமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். நாங்களும் நம்பி அழுதுகொண்டிருந்தோம். அன்று இரவு வந்த செவிலியர் ஊசி போட்டுவிட்டுப் போகாமல், அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ பார்த்தார். பிறகு, “இவருடைய காது மெஷினுக்குக் கடைசியாக எப்போது பேட்டரி மாற்றினீர்கள்?” என்று கேட்டார். யாரும் மாற்றவில்லை. மாற்றியவுடன் அப்பா கேட்ட முதல் கேள்வி, “ஏன் இரண்டு நாளாக எல்லோரும் வாயை மட்டும் அசைக்கிறீர்கள்?” என்பது.

வீட்டுக்குக் கிளம்பும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். மருத்துவர் பெயர் எழுத இடம் இருந்தது. அறை, உணவு, கழிப்பறை, வரவேற்பு மேசை என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட இடம் இருந்தது. செவிலியர் பெயர் எழுத இடமில்லை. இன்னும் வெட்கமான செய்தி, இடம் இருந்திருந்தாலும் எனக்கு எழுதத் தெரியாது. ஒன்பது நாட்களும் அவரை ‘சிஸ்டர்’ என்று மட்டுமே அழைத்திருந்தோம். என் நன்றி யாருக்கும் போய்ச் சேராமல் என்னிடமே இருக்கிறது.

பழைய வார்டு

முப்பத்து இரண்டு ஆண்டுகள் பணியாற்றி, கடைசி ஒன்பது ஆண்டுகள் வார்டுப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். படுக்கை 14 எழுதியதைப் படித்த பிறகு, சொல்ல நினைத்ததைச் சொல்வது எளிதாகிவிட்டது.

செவிலியர் பணியில் பெரும்பகுதி, நடக்காமல் தடுப்பது. விழாமல் தடுத்தோம், படுக்கைப் புண் வராமல் தடுத்தோம், மருந்துச் சீட்டில் இருந்த தவறான அளவைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தோம். இவை எல்லாம் வெற்றியடைந்தால் வெளியே தெரிவது ஒன்றுமில்லை. தடுக்கத் தவறியதற்கு அறிக்கை உண்டு, விசாரணை உண்டு. தடுத்ததற்கு ஒரு தாள்கூடக் கிடையாது. ஆகவே நிர்வாகம் பாராட்ட நினைத்தாலும் அதற்குக் கண்ணில் படுவது சிரித்த முகமும் சுத்தமான சீருடையும்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. மூச்சு எண்ணிக்கை என்பது நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் காட்டும் குறிகளில் ஒன்று. அதே நேரம் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். எண்ணாமலே 20 என்று எழுதிவிட்டுப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன பெண் ஒருத்தி, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்று எண்ணுவாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஒருநாள் மாலை, பேசிக்கொண்டு நன்றாக உட்கார்ந்திருந்த ஒரு நோயாளிக்கு 28 என்று எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய ஆறு பதிவுகளும் 20. மருத்துவரைக் கூப்பிட அவளுக்குப் பயம். நான் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் அந்த நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார், பிறகு நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பணி ஒப்படைப்பின்போது, எல்லோரும் நிற்கையில், “நேற்று மாலை ஆறு மணிக்கு இவள் ஒரு முழு நிமிடம் எண்ணினாள், அதனால்தான் நமக்குத் தெரிந்தது” என்று இரண்டே வாக்கியம் சொன்னேன். அவளைப் புகழ வேண்டும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து கேலி நின்றது. இன்னும் நான்கு பேர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்ற மூன்றும் இல்லாத பாராட்டைச் செவிலியர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. “நீங்கள் எல்லோரும் அருமையாகப் பணியாற்றுகிறீர்கள்” என்பது யாரிடமும் சொல்லப்பட்டதல்ல. சொன்னதை எழுதி அவருடைய பணிக் கோப்பில் வைத்தால் இன்னும் நல்லது. விளக்கம் கேட்கும் குறிப்பாணைகள் மட்டும் கோப்பில் இருந்து நல்லது எதுவும் இல்லாமல் பதவி உயர்வுக் குழுவுக்கு முன் போய் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விருதைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் 139 பேர் கைதட்டுகிறார்கள்; அதில் எத்தனை பேர் மனத்தால் தட்டுகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவசர சிகிச்சையும் தீவிர சிகிச்சையும் எப்போதும் மேடையேறும். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவிலோ வெளிநோயாளிப் பிரிவிலோ இருப்பவர் இருபது ஆண்டு ஆனாலும் ஏறமாட்டார். சண்டை வேண்டாமென்று ஆண்டுக்கு ஒரு துறையாகச் சுற்றிவிட்டால் விருதின் மதிப்பு முதல் சுற்றிலேயே போய்விடும். அமெரிக்காவில் 1999-இல் நோயால் இறந்த ஓர் இளைஞரின் குடும்பம், அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி சொல்ல ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது; அது வழங்கும் டெய்சி விருது இன்று பல நாடுகளில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஜிம்பாப்வே சிற்பிகள் செதுக்கும் அந்தக் கற்சிலை அல்ல. நோயாளியோ குடும்பத்தினரோ உடன் பணியாற்றுபவரோ நடந்த கதையை எழுதிப் பரிந்துரைக்கிறார்கள் என்பது பிடித்திருக்கிறது. விருது கிடைக்காவிட்டாலும் தன்னைப் பற்றி யாரோ எழுதினார்கள் என்பதைச் செவிலியர் அறிந்துகொள்ள அதில் வழி இருக்கிறது.

நான்காம் தளம்

ஆண் செவிலியன். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த விழா நடத்தினாலும் ‘தேவதை’, ‘தியாகம்’, ‘தாயுள்ளம்’ ஆகிய மூன்று சொற்களையும் உரையாற்றுபவர்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நகைச்சுவையாகச் சொன்னாலும் காரணத்தோடுதான் சொல்கிறேன். தியாகம் என்று சொன்ன வாயால் கூடுதல் பணிக்கு ஊதியம் தர வேண்டும் என்று சொல்வது கடினம். தேவதைக்குக் கால் வலிக்காது, கழிப்பறைக்குப் போக நேரம் வேண்டாம். இரண்டு வேறு மருந்துகளை ஒரே குழாயில் ஏற்றலாமா கூடாதா என்று அறிந்து முடிவெடுப்பதை ‘தாயுள்ளம்’ என்று சொல்வது எங்கள் படிப்பை அழித்துவிடுகிறது. தாயாக முடியாத என்னைப் போன்றவர்கள் அந்த உரையின்போது எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் பெண்கள். மீதிப் பதினைந்து பேரும் அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

தமிழில் இந்தச் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது என்பது தனிக்கதை. சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். அந்தச் சொல்லைத்தான் நாம் தொழிலின் பெயராக எடுத்துக்கொண்டோம். அழகான சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘ஆண் செவிலியர்’ என்று எழுதும்போதெல்லாம் சொல்லாய்வு செய்த ஒருவர் எங்கோ இருமுகிறார் என்று தோன்றும்.

பழைய வார்டு

தம்பிக்கு: ‘தேவதை’யையும் ‘தியாக’த்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்றார்; அதை நான் திருப்பிக் கொடுக்கமாட்டேன். நோயாளி சொல்வதும் மேடையில் நிர்வாகம் சொல்வதும் ஒன்றல்ல.

நான்காம் தளம்

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. மேடைக்கு மட்டும்தான் சொன்னேன்.

ஸ்டெதாஸ்கோப்

மருத்துவராக இந்த இழையைப் படிக்கையில் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் தினமும் சுற்றுக்குப் போகும் இரண்டு வார்டுகளில் எத்தனை செவிலியர்களின் பெயர் எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

நிர்வாகம் செய்யக்கூடியவை ஒருபுறம் இருக்க, மருத்துவர்கள் செய்யக்கூடியவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நள்ளிரவில் செவிலியர் அழைக்கும்போது நாம் எடுத்துப் பேசும் முதல் சொல்லின் தொனி, அடுத்த முறை அவர் அழைப்பாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அழைத்தது தேவையற்றதாகவே இருந்தாலும், “கூப்பிட்டது நல்லது” என்று முடிப்பதற்கு நான் பழகிக்கொள்ள ஆண்டுகள் ஆயின. பழைய வார்டு அவர்கள் எழுதிய அந்த இளம்பெண் மருத்துவரைக் கூப்பிடப் பயந்தாள் என்ற வரிதான் என்னை அதிகமாக உறுத்தியது. அந்த இடத்தில் அவள் பயந்த மருத்துவர் ஒரு காலத்தில் நானாகவும் இருந்திருக்கிறேன்.

மற்றொன்று, யாரும் பேசாதது. இதயத்துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு நாற்பது நிமிடம் இதயத்தை அழுத்திப் பார்க்கிறோம், பலனில்லை. இறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மருத்துவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அதன் பிறகு அந்தத் திரைக்குள் நடப்பதை நான் ஒருமுறை தற்செயலாகத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். எங்களோடு மாற்றி மாற்றி மார்பை அழுத்திய அதே செவிலியர், குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைத் துடைத்து, கண்களை மூடி, குடும்பத்தினர் பார்ப்பதற்கு முன் தரையில் கிடந்த உறைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கையால் பொறுக்கும்போது இடது கையைத் தொங்கவிட்டிருந்தார்; மணிக்கட்டு வீங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் அதே படுக்கைக்கு அடுத்த நோயாளி வந்தார்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர், இத்தகைய மரணத்துக்குப் பிறகு அறையில் உள்ள அனைவரும் சிறிது நேரம் அமைதியாக நின்று இறந்தவரையும் உழைத்தவர்களையும் நினைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். ‘இடைநிறுத்தம்’ என்ற பொருள்படும் பெயரில் அது பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது. எங்கள் பிரிவில் அதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முடிந்ததும் மூத்த மருத்துவர் அங்கிருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது இதன் பக்கவிளைவு.

இரவுப்பணி

ஸ்டெதாஸ்கோப் அவர்களுக்கு நன்றி. அந்த வீங்கிய மணிக்கட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதே பெரிது.

தளமேலாளர் அவர்களுக்கு, பரிசுப்பொருள் குறித்து. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், கேட்காமல் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டால், அழுத்தக் காலுறை என்பார், பூட்டு வேலை செய்யும் அலமாரி என்பார், முதுகு சாயும் நாற்காலி என்பார். எங்கள் ஓய்வறையில் நான்கு நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். யார் அதில் உட்காருவது என்பதில் ஒரு முறைவரிசையே இருக்கிறது. இடைவேளையில் அந்த அறைக்கு உண்மையிலேயே போக முடிவதுதான் முதல் பரிசு. அரை மணி நேரம் என் நோயாளிகளை நீங்களே அல்லது உங்கள் மேற்பார்வையாளர்களில் ஒருவர் பார்த்துக்கொண்டால், நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். செவிலியர் படிப்புப் படித்து நிர்வாகத்துக்குப் போனவர்கள் மே 12 அன்று சீருடை அணிந்து வார்டுக்கு வந்து எங்களை இடைவேளைக்கு விடுவித்தால், அந்தச் செய்தி உரைகளைவிட வேகமாக எல்லாத் தளங்களுக்கும் பரவும்.

விடுப்பும் அப்படித்தான். மாதத் தொடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு பணிப்பட்டியலை ஒட்டினால், பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ வருகிறேன் என்று எவருக்கும் சொல்ல முடியாது. நான்கு வாரம் முன்பே ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டி வந்தால், பேனாவால் அடித்துவிட்டுப் போகாமல், அழைத்துக் கேளுங்கள்.

எண்ணும் எழுத்தும்

சென்ற பதிவில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். இழை நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். 1983-இல் அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்த வேளையில், சில மருத்துவமனைகளை விட்டு மட்டும் செவிலியர்கள் போகாமல் இருப்பது ஏன் என்று ஆராய்ந்தார்கள். அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளுக்குக் ‘காந்த மருத்துவமனைகள்’ என்று பெயர் வந்தது. செவிலியர்களைக் கலந்துகொண்டு முடிவெடுக்கும் நிர்வாகம், தொழில்முறைத் தன்னுரிமை, வளைந்துகொடுக்கும் பணிநேரம், படிப்பதற்கு வாய்ப்பு ஆகியவையே அங்கெல்லாம் பொதுவாகக் காணப்பட்டன. உங்கள் கொள்முதல் குழுவில் வார்டில் பணியாற்றும் செவிலியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவராவது இருந்திருந்தால் பெரிய கைப்பட்டைக்குப் பத்து ஆண்டு ஆகியிருக்காது.

தளமேலாளர்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும் (இந்த வாக்கியத்தை எழுதும்போது இரவுப்பணி அவர்கள் நினைவுக்கு வந்தார்).

அரங்கக் கூட்டத்தைக் கைவிட்டோம். விழாக் குழுவில் இருவருக்கு வருத்தம். குழுப் புகைப்படம் இல்லாமல் ஆண்டறிக்கையில் எதைப் போடுவது என்று கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. மே 12 அன்று மூன்று ஷிஃப்டுகளிலும் நானும் ஆறு மேற்பார்வையாளர்களும் சீருடையில் வார்டுகளுக்குப் போய்ச் செவிலியர்களை இடைவேளைக்கு விடுவிக்கிறோம். இதற்கான ஒத்திகையாகச் சென்ற வாரம் ஒரு வார்டில் நான் அரை மணி நேரம் நின்றேன். மருந்து வண்டியின் இரண்டாவது இழுப்பறை திறக்கவில்லை. கீழிருந்து முழங்காலால் தட்டினால் திறக்கும் என்று ஒரு நோயாளி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வண்டி இப்போது பழுதுபார்க்கப்படுகிறது.

விழாத் தொகை நாற்காலிகளுக்கும் கைப்பட்டைகளுக்கும் அலமாரிப் பூட்டுகளுக்கும் போகிறது. என்ன வாங்குவது என்பதை எட்டு வார்டுகளிலிருந்து வார்டுக்கு ஒருவராகச் சேர்ந்து முடிவு செய்தார்கள். என் பட்டியலில் இருந்த இரண்டு பொருள்களை நீக்கிவிட்டார்கள். பணிப்பட்டியலில் 12 மணி நேர இடைவெளி இல்லாத இடங்களை எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன். ஒரு மாதத்தில் 61. ஜூன் மாதப் பட்டியலில் அதை 9-ஆகக் குறைத்திருக்கிறோம், அந்த ஒன்பதும் இரண்டு சிறிய பிரிவுகளில் உள்ளவை, ஆள் இல்லாமல் அவற்றைத் தீர்க்க முடியவில்லை. அந்தக் கணக்கையே ஆள் கேட்கும் கடிதத்தோடு இணைத்து அனுப்பிவிட்டேன்.

கருத்துப் படிவத்தை மாற்றியதுதான் எளிதாக நடந்தது. “உங்களைக் கவனித்துக்கொண்ட செவிலியர் யார்? அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்று ஒரு வரி, கீழே மூன்று கோடுகள். பெயர் தெரியாதவர்கள் அடையாளம் சொன்னாலும் போதும் என்று குறிப்பிட்டிருக்கிறோம். அது படுக்கை 14 அவர்களுக்காக. பெயர் அட்டைகளையும் பெரிய எழுத்தில் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். முதல் வாரத்தில் 23 படிவங்களில் அந்த வரி நிரப்பப்பட்டு வந்தது. ஒவ்வொன்றையும் நகலெடுத்து, உரியவர் கையில் ஒன்றும் கோப்பில் ஒன்றுமாகச் சேர்க்கிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் என் மேசையில் இருக்கிறது. “பெயர் தெரியாது. கண்ணாடி போட்டவர். இரவில் வந்தார். ஆறு நாளாகச் சிக்கலாகிக் கிடந்த என் அம்மாவின் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார்” என்று எழுதியிருக்கிறது. அந்த இரவுகளுக்கான பணிப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன்; அந்த வார்டில் கண்ணாடி அணிந்தவர்கள் இருவர். நாளை இரவு இரண்டு மணிக்கு இருவரையும் பார்க்கப் போகிறேன்.

இரவுப்பணி

இருவரும் ‘நான் இல்லை’ என்றுதான் சொல்வார்கள் மேடம். தலை பின்னப்பட்ட அந்த அம்மாவிடமே கேளுங்கள்.